பழைய ரீலோடிங் சாமான்கள் மொத்தமாக வருகின்றன, வாங்கலாமா?

மலையோரம்

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது .308 வின்செஸ்டர் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். லைசென்ஸ் இருக்கிறது, வீட்டில் ரீலோட் செய்வதற்கான (சுட்ட பித்தளைக் கேஸை மறுபடி நிரப்பித் தோட்டாவாக்குவது) அனுமதியையும் விசாரித்து எழுத்தில் வாங்கிவிட்டேன், அதனால் அந்தப் பேச்சு வேண்டாம். என் தலைவலி தோட்டா. என் துப்பாக்கிக்குப் பிடித்த 150 கிரெய்ன் தோட்டா ஒரு சீசனில் கிடைக்கிறது, அடுத்த சீசனில் காணாமல் போய்விடுகிறது. வேறு பெட்டி வாங்கினால் குறி வேறு இடத்தில் விழுகிறது, மறுபடி ஸ்கோப்பைத் திருப்பி, பத்துப் பதினைந்து தோட்டாவைக் காகிதத்தில் வீணடித்து, அப்புறம்தான் காட்டுக்குப் போக முடிகிறது.

இப்போது தெரிந்தவர் ஒருவர் வயதாகிவிட்டது என்று தன் சாமான்களை எல்லாம் ஒரே மொத்தமாகத் தருகிறேன் என்கிறார். சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் (ஒரு தடவைக்கு ஒரு வேலை மட்டும் செய்யும் அழுத்தும் கருவி) ஒன்று, .308 டை செட் (கேஸை அளவுக்கு அமுக்கும் அச்சுகள்), தட்டுத் தராசு, டம்ளர் (கேஸை உருட்டி மெருகேற்றும் இயந்திரம்), 200 பித்தளைக் கேஸ் (எல்லாம் ஒரு தடவை மட்டும் சுட்டது என்கிறார்), ஆயிரம் லார்ஜ் ரைஃபிள் பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடி), அப்புறம் பாதி டப்பா பவுடர். டப்பாவில் லேபிள் கிழிந்திருக்கிறது, 4895 என்று மட்டும் தெரிகிறது. என் ரீலோடிங் கையேட்டிலும் 4895 இருக்கிறது. அப்படியே ஆரம்பித்துவிடலாமா? எதை எடுக்கலாம், எதை விடலாம்? நான் இதற்குப் புதுசு, கொஞ்சம் விளக்கமாகவே சொல்லுங்கள்.

பித்தளைப்பெட்டி

பிரஸை யோசிக்காமல் எடுங்கள். வார்ப்பிரும்பு சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் நம்மையும் தாண்டி வாழும். துரு இருந்தால் தேய்த்து எண்ணெய் போட்டால் போதும், ராம் (கேஸைத் தூக்கும் தண்டு) மேலும் கீழும் போகும்போது பக்கவாட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். டை செட்டும் சரிதான், உள்ளே கீறல் இல்லாதவரை. முன்னால் வைத்திருந்தவர் லூப் (மசகு) போடாமல் ஒரு கேஸை இழுத்திருந்தால் பித்தளை உள்ளே ஒட்டியிருக்கும், அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு கேஸிலும் நீளமாகக் கோடு விழும். டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தட்டுத் தராசும் நல்லதே, ஆனால் சோதனை எடைக்கற்கள் ஒரு செட் தனியாக வாங்குங்கள். நாம் பேசுவது கிரெய்ன் கணக்கு, ஒரு கிரெய்ன் என்பது 0.065 கிராம்கூட முழுசாக இல்லை. மின்விசிறி ஓடினாலே தராசுக் கம்பி ஆடும். நான் எடை போடும்போது விசிறியை அணைத்துவிட்டு வியர்வையோடுதான் உட்காருவேன்.

பவுடர் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பாதி டப்பாவை வாங்காதீர்கள், சும்மா கொடுத்தாலும் வேண்டாம். லேபிளில் 4895 தெரிகிறது என்கிறீர்கள். எந்த 4895? ஐஎம்ஆர் பிராண்டில் 4895 என்று ஒன்று இருக்கிறது, ஹாட்ஜ்டன் எச்4895 என்று இன்னொன்று இருக்கிறது. எண் ஒன்று, எரியும் வேகம் ஒன்றில்லை, கையேட்டில் இரண்டுக்கும் தனித்தனி வரி. 4350 என்ற பவுடரிலும் இதே கதைதான். அதைக்கூட ஒதுக்கிவிடலாம், டப்பாவுக்குள் இருப்பது லேபிளில் இருப்பதுதான் என்று யார் சொன்னது? ஒரு நாள் சாயங்காலம் பவுடர் மெஷரில் (பவுடரை அளந்து கொட்டும் கருவி) மிச்சமிருந்ததை அவர் வேறு டப்பாவில் திருப்பிக் கொட்டியிருந்தால் அவருக்கே நினைவிருக்காது. எரிவேகம் தப்பினால் பார்வைக்கு எதுவும் தெரியாது, குச்சி குச்சியாகக் கறுப்பாக எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். அழுத்தம் எகிறியது தெரிவது, சுட்டபின் போல்ட்டை (குழலின் பின்வாயை மூடும் தண்டு) இழுக்கும்போதுதான், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால்.

சீல் உடைக்காத ஒரு பவுண்டு டப்பா புதிதாக வாங்குங்கள். 7000 கிரெய்ன், .308க்கு ஏறக்குறைய 150 தோட்டா வரும். ஒரு சீசனுக்கு மேலேயே தாங்கும்.

மெதுவிசை

பிரைமரையும் கொஞ்சம் பாருங்கள் நண்பரே. கம்பெனி அட்டையிலேயே, தட்டுத் தட்டாக, ஈரம் படாமல் இருந்தால் பல வருஷம் ஆனாலும் கெடாது, வாங்கலாம். யாராவது பிரித்து ஊறுகாய் பாட்டிலில் கொட்டி வைத்திருந்தால் அந்தப் பாட்டிலைக் குலுக்கிக்கூடப் பார்க்காதீர்கள். பவுடர் திறந்த இடத்தில் எரியும், அவ்வளவுதான். பிரைமர் வெடிக்கும், ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து வெடிக்கும். தட்டில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குழி வைத்திருப்பது அழகுக்கு இல்லை.

இன்னொன்று, அட்டையில் மேக்னம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். சாதாரண பிரைமருக்கு எழுதிய அளவில் மேக்னத்தைப் போட்டால் அழுத்தம் ஏறும். பிரைமரை மாற்றினால் திரும்பவும் கையேட்டின் ஆரம்ப அளவிலிருந்துதான்.

காட்டுப்பாதை

நான் கொஞ்சம் எதிர்ப்பாட்டு பாடுகிறேன். தம்பி, வருஷத்துக்கு எத்தனை தோட்டா சுடுகிறீர்கள்? இரண்டு பெட்டி, அதாவது 40 என்றால், இந்தச் செலவும் சிரமமும் தேவையா? பிரஸ் மலிவாக வரும், பிறகு காலிப்பர், டிரிம்மர் (நீண்ட கேஸை வெட்டுவது), கேஸ் கேஜ் (தோட்டா சேம்பரில் பொருந்துமா என்று பார்ப்பது), லூப், லோடிங் பிளாக் (கேஸ்களை நிறுத்தும் கட்டை), இரண்டு கையேடு என்று வரிசை கட்டி நிற்கும். பவுடரும் பிரைமரும் ஆபத்தான சரக்கு என்பதால் அனுப்பும் கூலியே தனி. துப்பாக்கிக்குப் பிடித்த தோட்டா கண்ணில் படும் அன்றைக்கு ஒரே லாட் எண்ணில் (ஒரே தொகுதியில் தயாரானது) ஐந்து பெட்டி வாங்கிப் பூட்டி வைத்தால் இரண்டு மூன்று வருஷம் ஓடிவிடும், ஸ்கோப்பையும் தொட வேண்டாம். நான் பத்து வருஷம் அப்படித்தான் ஓட்டினேன்.

அப்புறம் ஏன் ரீலோட் செய்கிறாய் என்று கேட்பீர்கள். பிடித்துப்போய்விட்டது, வேறு காரணம் இல்லை. மிச்சம் பிடிக்க வேண்டும் என்று மட்டும் இதில் இறங்காதீர்கள். இரண்டு வருஷத்தில் சலித்துப்போய், வேலையை அவசர அவசரமாகச் செய்ய ஆரம்பிப்பீர்கள், அதுதான் எனக்குப் பயம்.

மலையோரம்

எல்லோருக்கும் நன்றி. பவுடர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவர் கொஞ்சம் வருத்தப்பட்டார். பிரைமர் அட்டை பிரிக்காமல் இருக்கிறது, மேக்னம் இல்லை. காட்டுப்பாதை அண்ணா, நான் 40 இல்லை, பயிற்சியோடு சேர்த்து 200 பக்கம் சுடுவேன், அதனால்தான் யோசிக்கிறேன்.

கேஸ்களை வீட்டுக்குக் கொண்டு வந்து மேசையில் கொட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் வின்செஸ்டர் முத்திரை. முப்பது நாற்பது கேஸில் அடியில் வட்டத்துக்குள் கூட்டல் குறி. சிலவற்றில் அடிப்பக்கம், விளிம்புக்குக் கொஞ்சம் மேலே, பளபளவென்று ஒரு வளையம் தெரிகிறது. படித்ததை வைத்துப் பார்த்தால் அது கேஸ் இரண்டாகப் பிய்வதற்கு அறிகுறி என்கிறார்கள். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடவா?

பித்தளைப்பெட்டி

அவசரப்படாதீர்கள். வெளியே தெரிகிற வளையம் எல்லாம் அந்த வளையம் இல்லை. சைஸிங் டை எந்த உயரம் வரை கேஸை அமுக்குகிறதோ அந்த இடத்தில் பித்தளை மெருகேறி ஒரு கோடு விழும், அது எப்போதும் இருப்பதுதான். பயப்பட வேண்டியது உள்சுவர்.

ஒரு பேப்பர் கிளிப்பை நேராக்கி, நுனியை மட்டும் 2 மில்லிமீட்டர் அளவுக்கு மடக்கி, அந்த நுனியை அரத்தில் தேய்த்துக் கூராக்குங்கள். கேஸின் வாய் வழியாக அடி வரை விட்டு, சுவரை ஒட்டினாற்போல் மெதுவாக மேலே இழுங்கள். நல்ல கேஸில் அடியின் கனத்திலிருந்து சுவர் படிப்படியாக மெலிந்து போவது வழவழவென்று விரலுக்குத் தெரியும். கெட்ட கேஸில் அந்த வளையம் இருக்கும் உயரத்தில் நுனி ஒரு பள்ளத்தில் விழுந்து ‘டக்’ என்று மாட்டும். மாட்டினால் இடுக்கியால் வாயை நசுக்கிவிட்டுக் குப்பையில் போடுங்கள். நசுக்காமல் போட்டால் மறுநாள் மனசு மாறி நாமே பொறுக்கி எடுத்துவிடுவோம், என் அனுபவம்.

இது ஏன் வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், நாளைக்கு உங்கள் கையாலேயே வரவழைக்கலாம். சுடும்போது கேஸ் சேம்பரை (துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை) நிறைக்கும் வரை விரியும். நாம் டையை அளவுக்கு மேல் கீழே இறக்கி வைத்தால் கேஸின் தோள்பட்டை (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) தேவைக்கு மேல் பின்னால் தள்ளப்படும், அடுத்த தடவை சுடும்போது அந்த இடைவெளியை நிரப்பக் கேஸ் நீளும், நீளுவதற்கான பித்தளை அடிக்குச் சற்று மேலேயிருந்துதான் போகும். நாலைந்து தடவையில் அந்த இடம் மெலிந்து ஒரு நாள் பிய்ந்துவிடும். டையை ஷெல் ஹோல்டரில் (கேஸின் அடியைப் பிடிக்கும் துண்டு) முட்டும் வரை இறக்கு என்று டையோடு வந்த பழைய தாளில் இருக்கும், எல்லா துப்பாக்கிக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக எழுதியது அது. உங்கள் ஒரே ஒரு போல்ட் ஆக்‌ஷனுக்கு, அதில் சுட்ட கேஸை அளந்து, தோள்பட்டை 0.002 அங்குலம் பின்னால் போனால் போதும். சாதாரணத் தாளின் தடிமனில் பாதி. அதை அளக்க ஒரு கம்பேரேட்டர் (காலிப்பரில் மாட்டும் துணைக்கருவி) வாங்குங்கள், அந்தக் காசு வீண் போகாது.

சைஸ் செய்தபின் மொத்த நீளத்தையும் அளங்கள். .308 கேஸுக்கு உச்சம் 2.015 அங்குலம், தாண்டினால் 2.005க்கு வெட்டிவிடுங்கள். நீண்டுபோன கழுத்து சேம்பர் முனையில் இடித்துக் குண்டை இறுக்கிப் பிடிக்கும், அழுத்தம் எகிறும்.

மெதுவிசை

வட்டத்துக்குள் கூட்டல் இருப்பது நேட்டோ ராணுவக் கேஸ். தனியாகப் பிரித்து வையுங்கள். பெரும்பாலும் சுவர் கனம், அதனால் உள்ளே இடம் குறைவு, அதே அளவு பவுடர் போட்டாலும் அழுத்தம் கூடும். பிரைமரைச் சுற்றிக் கிரிம்ப் அடித்திருப்பார்கள் (விளிம்பை நசுக்கி இறுக்குவது), அதை ரீமரால் சுரண்டி எடுக்காமல் புதுப் பிரைமரை அமுக்கினால் நசுங்கும். அதோடு ராணுவக் கேஸ்கள் பல மெஷின் கன்னில் சுட்டவை, அதன் சேம்பர் தாராளமாக இருக்கும், ஒரு தடவையிலேயே நன்றாக நீண்டிருக்கும். ‘ஒரு தடவை சுட்டது’ என்பது உண்மையாகவே இருக்கலாம், எதில் சுட்டது என்பதுதான் கேள்வி.

டம்ளரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பிரைமர் கரியில் ஈயம் இருக்கிறது, உலர்ந்த டம்ளரைத் திறக்கும்போது எழும் தூசியில் அதுதான் பறக்கும். சமையலறையில், குழந்தைகள் இருக்கும் அறையில் ஓட்டாதீர்கள். வெளியே வைத்து, முகமூடி போட்டு, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் டீயைத் தொடவேண்டும்.

காட்டுப்பாதை

200 என்றால் சரி, என் வாதம் தோற்றது. ஒரு பழைய கதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். ஒரு ராத்திரி கேஸ்களில் பவுடர் போட்டுக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது, பேசிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன் என்று நினைத்தேன். அடுத்த வாரம் ரேஞ்சில் ‘டொக்’ என்று ஒரு சத்தம், உதையே இல்லை. பக்கத்தில் நின்றவர் நிறுத்து என்று கத்தினார். கழற்றிப் பார்த்தால் குண்டு குழலின் ஆரம்பத்திலேயே மாட்டி நிற்கிறது. ஒரு கேஸில் பவுடரே போடவில்லை, பிரைமர் மட்டும் தள்ளியிருக்கிறது. அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டிருந்தால் குழல் பிளந்திருக்கும். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

அன்றிலிருந்து ஐம்பது கேஸையும் பிளாக்கில் நிறுத்தி, டார்ச்சை மேலே பிடித்து, வரிசை வரிசையாக எல்லாக் கேஸிலும் பவுடர் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் குண்டை வைப்பேன். மேசையில் ஒரே ஒரு பவுடர் டப்பா, ஃபோன் வேறு அறையில். வேட்டைக்குக் கொண்டுபோகும் தோட்டா ஒவ்வொன்றையும் கேஸ் கேஜில் விட்டுப் பார்த்துவிடுங்கள். வேட்டை நேரத்தில் போல்ட் மூடாமல் நின்றால் வரும் எரிச்சல் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது.

மலையோரம்

மூன்று நாளாகக் கிளிப்பும் கையுமாக உட்கார்ந்து முடித்துவிட்டேன். 200ல் நேட்டோ 37, ஓரமாக வைத்தாயிற்று. மீதியில் 11 கேஸில் கிளிப் மாட்டியது, அதில் நாலில் வெளியே எந்த வளையமும் தெரியவில்லை, அதுதான் ஆச்சரியம். பளபளப்பாக இருந்த பலவற்றில் உள்ளே வழவழப்பு, நீங்கள் சொன்னது போல டை போட்ட கோடுதான் போல. 11ஐயும் நசுக்கிவிட்டேன்.

புது டப்பா எச்4895 சொல்லி வைத்திருக்கிறேன், வர மூன்று வாரம் ஆகுமாம், அதுவரை சைஸிங் மட்டும். ஒரு சந்தேகம்: ஐந்து கேஸில் டீகேப்பிங் ஊசி (பழைய பிரைமரைத் தள்ளி வெளியேற்றுவது) இறங்கவே மாட்டேன் என்கிறது. இன்னும் அழுத்தினால் ஊசி உடைந்துவிடுமோ என்று நிறுத்திவிட்டேன்.

பித்தளைப்பெட்டி

நிறுத்தியது நல்லது. வாய் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள், அடியில் நடுவில் ஒரு ஓட்டைக்குப் பதிலாக ஓரத்தில் இரண்டு சின்ன ஓட்டை தெரியும். பெர்டான் கேஸ், நம் ஊசிக்கு ஆகாது. நசுக்கிய 11ஓடு அதையும் சேர்த்துப் பழைய பித்தளைக்குப் போட்டுவிடுங்கள்.