ஏலியாசிங்குக்கு என்ன சொல்? (டாப்ளர் கையேடு, வியாழனுக்குள் வேண்டும்)

அனைவருக்கும் வணக்கம். மீயொலிப் பயிற்சிக் கையேட்டின் டாப்ளர் இயல் (ஒலியலையால் குருதியோட்ட வேகத்தை அளப்பது) வியாழனன்று அச்சுக்குப் போகிறது. 'கோணத் திருத்தம்', 'அடிக்கோடு' (படத்தின் பூச்சியக் கோடு) எல்லாம் முடிந்தன. 'ஏலியாசிங்' மட்டும் இழுக்கிறது. டாப்ளர் பெயர்ச்சி (ஓடும் குருதியில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாற்றம்), துடிப்பு மீள்விகிதத்தில் (கருவி நொடிக்கு அனுப்பும் ஒலித்துடிப்புகளின் எண்ணிக்கையில்) பாதியைத் தாண்டினால் அலையின் முகடு மேல்விளிம்பில் அறுபட்டு, மிச்சம் அடிவிளிம்பிலிருந்து எதிர்த்திசை ஓட்டம்போல முளைக்கும். ஒலி 5 மெகாஹெர்ட்ஸ், ஒலிக்கற்றைக்கும் ஓட்டத்துக்கும் இடையே 60 பாகை, மீள்விகிதம் 5 கிலோஹெர்ட்ஸ் என்றால் அளக்கக்கூடிய வேகத்துக்கு நொடிக்கு 77 செ.மீ. தான் வரம்பு. 'மடிவு' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

---

> 'மடிவு'

மருத்துவ நூலிலா! "கழுத்துத் தமனியில் மடிவு கண்டால்" என்று படிப்பவர் ஆளே போய்விட்டார் என்று நினைப்பார். 'மடங்கல்' எனலாமே.

---

ஐயா, நிகண்டில் மடங்கல் சிங்கம். கூற்றுவனுக்கும் அதே பெயர். சாவுக்குப் பயந்து எமனிடமே போகிறீர்கள். மடி, மடங்கு, முடங்கு, முடம் எல்லாமே வளைவுப் பொருளில் கிளைத்தவை. மாதவி கோவலனுக்கு விடுத்தது முடங்கல், சுருண்ட ஓலை. இங்கே சுருள்வது அலை. ஆகவே 'முடங்கல்'. இன்னொன்று, டகரம் மொழிக்கு முதலில் வராது. 'தொப்பிளர்' என்று எழுதுங்கள்.

---

வயிற்று ஸ்கேன் கையேட்டில் தொப்பிளரா? வேண்டாம் ஐயா, தொப்புளைத் தேடுவார்கள்.

கருவி முன்னால் இருப்பவருக்கு வேண்டியது வேறு. உண்மையிலேயே ஓட்டம் திரும்புகிறதா, படம் ஏமாற்றுகிறதா? ஓட்டத் திசையை நிறத்தால் காட்டும் வண்ண டாப்ளரில் சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே கறுப்புக் கோடு இருந்தால் உண்மைத் திருப்பம். சிவப்பு வெளிறி மஞ்சளாகி, வெளிர்நீலம் வழியே நீலத்துக்குப் போனால் ஏலியாசிங். எனவே 'போலித்திசை'.

தீர்வையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்: அடிக்கோட்டை இறக்கு, ஸ்கேல் குமிழால் மீள்விகிதத்தைக் கூட்டு, குறைந்த அதிர்வெண்ணுக்கு மாறு. 10 செ.மீ. ஆழத்தில் மீள்விகிதம் 7.7 கிலோஹெர்ட்ஸைத் தாண்டாது. எதிரொலி திரும்பி வரவேண்டுமே. கோணத்தைக் கூட்டினாலும் பெயர்ச்சி குறையும், ஆனால் செய்யக் கூடாது. 60 பாகையில் 5 பாகை பிசகினால் வேகம் சுமார் 15 விழுக்காடு பிசகும். 20 பாகையிலோ 4 விழுக்காட்டுக்குள் நிற்கும்.

---

> எனவே 'போலித்திசை'

பொருந்தாது. பெயர்ச்சி மீள்விகிதத்தையே தாண்டிவிட்டால் அலை சரியான திசைக்கே திரும்பிவிடும், எண் மட்டும் பொய்யாக இருக்கும். அதுவும் ஏலியாசிங்தான். வண்டியின் கிலோமீட்டர் கணக்கு 99999 தாண்டிப் பூச்சியத்துக்குப் புரள்வதைப் போல. 'வேகப்புரள்வு' என் பரிந்துரை.

இதே பக்கத்தில் குருதிக்குழாயின் விட்டத்தை அளப்பதையும் எழுதுங்கள். ஓட்ட அளவு என்பது சராசரி வேகத்தைக் குறுக்குப் பரப்பால் பெருக்குவது. விட்டத்தை 10 விழுக்காடு கூட்டி அளந்தால் பரப்பு 21 விழுக்காடு கூடும். கோணத்தில் காட்டும் கவனத்தைப் பலர் இதில் காட்டுவதில்லை.

---

புரள்வு, புரட்டு, பிறழ்வு மூன்றும் மாணவர் காதில் ஒன்றாகவே விழும். ஏலியாசிங் என்றே விட்டால் குடியா முழுகிவிடும்? மேலும் 'இரத்த ஓட்டம்' என்ற தலைப்பை 'குருதியோட்டம்' ஆக்கியது யார்?

---

குருதியை நான்தான் போட்டேன். அது போன பதிப்பிலேயே முடிந்த வழக்கு. இதுவரை 'வேகப்புரள்வு' நான்கு, 'போலித்திசை' ஒன்று, 'முடங்கல்' ஒன்று. முதலில் வரும் இடத்தில் 'ஏலியாசிங் எனப்படும் வேகப்புரள்வு' என்று எழுதி அனுப்புகிறேன்.

---

அனுப்புங்கள். 'அலை முடங்கியது' என்று வினையாகவும் வரும், பாருங்கள். என் மாற்றுக் கருத்தைக் குறித்துக்கொள்க.