கடல்மட்டம் உயர்ந்தால் ஓதம் (கடலின் ஏற்ற இறக்கம்) எதுவரை வரும்? வரைபடத்தில் ஒரு சந்தேகம்

கரைக்கோடு:
எஸ்ஆர்டிஎம் என்ற நில உயரத் தரவை கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் ஏற்றி, 1 மீட்டருக்குக் கீழே உள்ள இடங்களுக்கெல்லாம் நீலம் அடித்துவிட்டேன். 2100-க்கான ஓத வெள்ள வரைபடம் என்று இதைக் காட்டலாமா? கரையை ஒட்டிய அலையாத்திக் காடு மேடாகத் தப்பித்து நிற்கிறது, எங்கோ உள்ளே தள்ளிக் கிடக்கும் பள்ளம் மட்டும் முழுக்க நீலம். இடிக்கிறதே?

நிலமானி:
காட்டாதீர்கள். எஸ்ஆர்டிஎம் 2000-இல் விண்கலத்திலிருந்து ரேடாரில் அளந்தது, மரத்தின் தலையையும் கூரையையும் தரைக் கணக்கில் சேர்த்துவிடும். பிழையே சில மீட்டர் இருக்கும்போது அதில் ஒரு மீட்டர் கோடு போட்டு என்ன பயன்? 2019-இல் குல்ப், ஸ்ட்ராஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இந்தப் பிழையைத் திருத்திக் கணக்கிட்டபோது, உலக அளவில் ஆபத்தில் இருப்போர் எண்ணிக்கை சுமார் மூன்று மடங்கானது. லைடார் (லேசரால் அளந்த உயரத் தரவு) கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் மரமும் கட்டடமும் கழித்த ஃபேப்டெம் உயரத் தரவைப் பாருங்கள், ஆனால் அதை வைத்தும் தெருவாரியாக எதுவும் சொல்லிவிட முடியாது.

நீர்மட்டம்:
தரவை மாற்றினாலும் பூஜ்ஜியம் எது என்ற சிக்கல் அப்படியே இருக்கும். எஸ்ஆர்டிஎம்-இன் பூஜ்ஜியம் இஜிஎம்96 ஜியாய்டு (புவியீர்ப்பை வைத்துக் கணக்கிட்ட உலகளாவிய கடல்மட்டப் பரப்பு), அந்தக் கரையின் சராசரிக் கடல்மட்டம் அதற்கு மேலோ கீழோ இருக்கலாம். அப்புறம், ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசி 2021-இல் 2100-க்கெனத் தந்த 0.28 முதல் 1.01 மீட்டர் (மிகக் குறைந்த உமிழ்வு முதல் மிக அதிக உமிழ்வு வரை) சராசரிக் கடல்மட்டத்தின் உயர்வுதான். தண்ணீர் உள்ளே வருவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்தில். எனவே ஓதமானிப் பதிவிலிருந்து உயர் ஓத மட்டத்தை எடுத்து, உயர்வை அதன்மேல் கூட்டுங்கள். நிலாவின் பாதைக்கு 18.6 ஆண்டுச் சுழற்சி ஒன்று உண்டு, ஓதமும் அதற்கேற்ப மாறும், அதனால் 19 ஆண்டுப் பதிவு இருந்தால் நிம்மதி. தரை அமிழும் இடமென்றால் அதையும் சேர்க்க வேண்டும், சில டெல்டாக்களில் கடல் ஏறுவதைவிடத் தரை இறங்குவதுதான் வேகம்.

கரைக்கோடு:
சரி, அந்தப் பள்ளம்? கடலோடு தொடர்பில்லாத செல்களை (தரவின் கட்டங்களை) நீக்கிவிடட்டுமா?

மதகடி:
கண்ணை மூடிக்கொண்டு நீக்க வேண்டாம். தரவில் சாலை ஒரு கரைபோலத் தெரியும், அதன் அடியில் போகும் குழாய்ப் பாலம் தெரியாது. ஓதம் ஏறும்போது மழைநீர் வடிகால் வழியாகவே கடல் திரும்பி வந்துவிடும், வானம் தெளிவாக இருக்கும் நாளிலும்கூட. மதகு, வடிகால் வாய் எல்லாம் எங்கே என்று குறித்து, அந்த இடங்களில் தரவை வெட்டித் திறந்துவிட்டு அப்புறம் தொடர்பைச் சோதியுங்கள். அதற்குப் பிறகும் தனித்து நிற்கும் பள்ளத்துக்கு வேறு நிறம் கொடுங்கள், நிலத்தடி நீர் ஏறி அங்கே தேங்க வாய்ப்பு இருக்கிறது.