விறகுக் கொதிகலன் புகையில் கரியமில வாயுவைப் பிரிக்கும் வெப்பச் செலவு

கேள்வி (பெருந்துறை):
வணக்கம். விறகு எரித்து நீராவி எடுக்கும் ஒரு சாய ஆலையில் கொதிகலன் பொறுப்பில் இருக்கிறேன். துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் கார்பன் கணக்குக் கேட்பதால், புகையிலுள்ள கரியமில வாயுவை அமீன் கரைசலில் (அந்த வாயுவை உறிஞ்சி, சூடாக்கினால் திரும்ப விடும் வேதிக் கரைசல்) பிடிக்க முடியுமா என்று முதலாளி கேட்கிறார். பிடித்த வாயுவைக் கரைசலிலிருந்து பிரிக்க, ஒரு டன் வாயுவுக்கு 3.7 கிகாஜூல் வரை வெப்பம் செலவாகும் என்று படித்தேன். இதைக் குறைக்கக் கரைசலை மாற்ற வேண்டுமா, கருவி அமைப்பை மாற்ற வேண்டுமா?

பதில் 1 (கோவை, வேதிப் பொறியாளர்):
முதலில் உங்கள் கொதிகலனோடு அந்த எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். விறகில் ஏறக்குறைய 9 கிகாஜூல் வெப்பம் எடுக்கும்போது ஒரு டன் கரியமில வாயு வெளியேறுகிறது. கொதிகலனின் திறன் 75 விழுக்காடு என்றால் நீராவியாகக் கிடைப்பது 6.7 கிகாஜூல்தான். அதில் பாதிக்கு மேல் பிரிப்புக்கே போய்விட்டால் சாயத் தொட்டிக்கு என்ன மிஞ்சும்?

பரவலாகப் பயன்படும் அமீனான மோனோஎத்தனாலமீன் கரியமில வாயுவை இறுக்கமாகப் பிணைப்பதால், அந்தப் பிணைப்பை அவிழ்க்க மட்டுமே டன்னுக்குச் சுமார் 1.9 கிகாஜூல் வேண்டும். மீதி, கரைசலை 40 பாகையிலிருந்து 120 பாகைக்குச் சூடாக்குவதிலும், வாயுவோடு சேர்ந்து வெளியேறும் நீராவியிலும் கழிகிறது. எம்டிஈஏ (மெத்தில்டைஎத்தனாலமீன்) என்ற வேறுவகை அமீன் போன்ற கரைசல்களில் பிணைப்பு தளர்வானது. ஆனால் அவை மெதுவாகவே உறிஞ்சுவதால் வேகமாக உறிஞ்சும் பைப்பரசீன் என்ற அமீனைச் சிறிது கலக்கிறார்கள். கருவிப் பக்கம் பார்த்தால், சூடான கரைசலின் அழுத்தத்தைக் குறைத்து, அதில் எழும் ஆவியை அமுக்கி, மீண்டும் பிரிப்புக் கோபுரத்துக்கே அனுப்பலாம். திருப்பூர்ப் பகுதிச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீரைக் கொதிக்கவைத்து, எழும் ஆவியை அமுக்கி அதன் வெப்பத்தையே மீண்டும் பயன்படுத்தும் எம்விஆர் ஆவியாக்கியைப் பார்த்திருப்பீர்கள், தத்துவம் அதேதான். நீராவி மிச்சமாகும், மின்சாரம் கூடும். உடுமலைப் பக்கம் சொந்தக் காற்றாலை வைத்திருப்பவர்களுக்கு இந்த மாற்று கட்டுப்படியாகலாம்.

பதில் 2 (மேட்டூர், அனல்மின் துறையில் பணியாற்றியவர்):
ஐயா சொன்னதற்கு முன்னதாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு? 11 விழுக்காடு இருந்தால் கரியமில வாயு பத்துக்குள்தான் இருக்கும். காற்றுக் கசிவை அடைத்து, காற்றுவிசிறியைச் சரிசெய்து, ஆக்சிஜனை 6 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தால் கரியமில வாயு 14 விழுக்காட்டைத் தாண்டும். அதன்பின் உறிஞ்சு கோபுரமும் சிறிதாகும், விறகும் மிச்சம். ஆக்சிஜன் அமீனைச் சிதைக்கும் என்பதால் அந்த வகையிலும் இது நல்லது.

பதில் 3 (திருப்பூர்):
பிரித்தெடுத்த வாயுவை வாங்க யார் இருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். தூத்துக்குடியில் 2016 முதல் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து பிடித்தது சலவைச் சோடா (சோடா சாம்பல்) தயாரிப்புக்குப் போனதால்தான் அந்தத் திட்டத்துக்குப் பொருள் இருந்தது. சாய ஆலைக்கு வேறு வழி உண்டு: காரத்தன்மை மிகுந்த கழிவுநீரில் புகையையே செலுத்தி, அமிலத்துக்குப் பதிலாகப் பயன்படுத்தலாம். வாயுவைக் கரைசலிலிருந்து பிரிக்கும் வெப்பமே தேவையில்லை. ஆனால் அந்த வாயு கழிவுநீரில் பைகார்பனேட் என்ற உப்பாகத் தங்குவதால், ஆவியாக்கியில் சூடேறும்போது அதில் ஒரு பகுதி மீண்டும் வெளியேறிவிடும். ஆகவே அமிலச் செலவு மிச்சம் என்று சொல்லலாமே தவிர, முழுவதும் பிடிபட்டது என்று கணக்கில் எழுத முடியாது.

கேட்டவர்:
மிக்க நன்றி. புகை ஆய்வுக் கருவியில் ஆக்சிஜன் 12 என்றே காட்டுகிறது. முதலாளியிடம் காற்றுக் கசிவை முதலில் சரிசெய்யச் சொல்கிறேன். இன்னொரு சந்தேகம்: விறகிலிருந்து வரும் கரியமில வாயுவைக் கார்பன் கணக்கில் புதைபடிவ எரிபொருளோடு சேர்க்காமல் தனியாகத்தானே காட்டுவார்கள்? அப்படியானால் வாங்குபவர் கேட்பது எந்த எண்ணை என்று முதலில் எழுதிக் கேட்க வேண்டியிருக்கும்.