குளவிக்குக் 'கொல்லுண்ணி', ஆலுக்கு வேறு சொல்

ஐயா, பிற பூச்சிக்குள் வளர்ந்து அதைக் கொல்லும் குளவிக்கும், பிற மரத்தைச் சுற்றி வளரும் ஆலுக்கும் பொதுவாக நீங்கள் சொன்ன 'கொல்லொட்டி' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டிலும் கடைசியில் ஓம்புயிர், அதாவது இடங்கொடுத்த உயிர், சாகக்கூடும் என்பதும் சரி. ஆனால் குளவியையும் ஆலையும் ஒரே சொல்லில் கட்டலாமா?

டிரைக்கோகிரம்மா என்ற குளவியை எடுத்துக்கொள்வோம். அரை மில்லிமீட்டர் தேறினால் அதிகம். கரும்பில் இடைக்கணுப் புழுவுக்காக இலையடியில் முட்டை ஒட்டிய காகித அட்டை கட்டுகிறோமே, அதிலிருந்து வருவது இதுதான். அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும். நாலாம் நாள் வாக்கில் அந்த முட்டை கறுத்துப்போகும். உள்ளேயிருப்பதைத் தின்று முடித்துத்தான் குளவி வெளியே வரும். பேனும் நாடாப்புழுவும் அப்படியில்லை. நாம் செத்தால் அவற்றுக்குச் சோறு போச்சு. இந்த வேறுபாட்டுக்காகத்தான் 1913இல் பின்லாந்துக்காரரான ராய்ட்டர் இப்படிக் கொன்றே வளர்பவற்றுக்குப் 'பாரசிட்டாய்டு' என்று தனிச்சொல் உண்டாக்கினார். நாமோ இரண்டையும் 'ஒட்டுண்ணி' என்றே எழுதி வருகிறோம்.

ஆல் கதை வேறு. எங்கள் வரப்பில் ஒரு பனை நிற்கிறது. காக்கை எச்சத்தில் விழுந்த விதை மட்டை இடுக்கில் முளைத்து, வேர் இறக்கி, இப்போது பனந்தண்டே கண்ணில் படாது. உச்சியில் ஓலை மட்டும் ஆலுக்கு மேலே தலைநீட்டுகிறது. நுங்கும் காய்க்கிறது, ஏறி வெட்டத்தான் வழியில்லை. புல்லுருவிக்கு உள்ளது போன்ற உறிஞ்சு வேர் ஆலுக்குக் கிடையாது. பனையின் சாற்றில் ஒரு சொட்டுகூட எடுப்பதில்லை. பறிப்பதெல்லாம் வெளிச்சமும் மண்ணின் ஈரமும்தான். மாமரமாக இருந்தால் தண்டு பருக்க இடமின்றி, பட்டைக்கடியில் உணவோட்டம் தடைபட்டுச் சாகும். பனந்தண்டு அப்படிப் பருப்பதில்லை. அதனால் அந்த நெரிப்பு அதனிடம் பலிப்பதுமில்லை. ஆகவே ஆலுக்கு 'நெரிமரம்' என்று பெயர் வைப்பதில்கூட எனக்கு அரை மனதுதான். 'சூழ்மரம்' என்றால் பனைக்கும் பொருந்தும், மாவுக்கும் பொருந்தும்.

குளவிக்குக் 'கொல்லுண்ணி' என்கிறேன். கொல்களிறு போல வினைத்தொகை. உண்பதும் கொல்வதும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. 'உண்ணி' என்றதும் மாட்டு உண்ணி நினைவுக்கு வருமே என்றால், ஒட்டுண்ணியில் வராத குழப்பம் இதில் மட்டும் ஏன்?

ஒன்று மட்டும் இடிக்கிறது. வயல்பக்கம் 'முட்டை ஒட்டுண்ணி' ஊன்றிவிட்டது. அட்டை விற்கிறவரிடம் போய்க் கொல்லுண்ணி கேட்டால் உண்ணி மருந்தை எடுத்து நீட்டுவார். அங்கே பழைய பெயரே இருக்கட்டும்; உயிரியல் பாடநூலுக்குக் கொல்லுண்ணி. உங்களுக்குச் சம்மதமா?