காணாமல் போன கொடை ஒலிப்பதிவுகள்: வீட்டு சர்வர் அனுபவங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து:

அப்பா 1980களில் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்குப் போவார். வில்லுப்பாட்டு தொடங்கினால் விடியும் வரை எழுந்திருக்க மாட்டார். 90 நிமிட கேசட்டை 45 நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். அந்த டக் சத்தமும், பக்கத்தில் இருப்பவரிடம் அப்பா மெல்ல "பேசாதிய" என்று சொல்வதும் பதிவிலேயே இருக்கின்றன. அவர் குரல் என்று எங்களிடம் இருப்பது அவ்வளவுதான். 61 கேசட்டுகள். ஒவ்வொன்றையும் வேவ் ஃபைலாக மாற்றினால் 950 எம்பி வரும்.

இவற்றைப் பழைய டெஸ்க்டாப் ஒன்றில் டெபியன் லினக்ஸ் போட்டு, வீட்டு சர்வராக்கி வைத்திருக்கிறேன். தகவலுக்கு இரண்டு 4 டிபி டிஸ்க், பாரிட்டிக்கு (ஒரு டிஸ்க் போனால் அதை மீட்க உதவும் கணக்குக்கு) ஒன்று. தகவல் டிஸ்க் இரண்டையும் மெர்ஜர்எஃப்எஸ் என்ற கருவி சேர்த்து ஒரே ஃபோல்டராகக் காட்டும். பாதுகாப்புக்கு, அந்தப் பாரிட்டியை எழுதும் ஸ்னாப்ரெய்ட்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பட்டாசலில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியை உள்ளறைக்கு மாற்றி, மூன்று நாள் கழித்துத் திரும்ப வைத்தேன். நன்றாகத்தான் ஆன் ஆனது. மறுவாரம் பாரிட்டியைப் புதுப்பிக்கும் சிங்க் கட்டளையைக் கொடுத்தால், இரண்டாவது டிஸ்கில் இருந்த ஃபைல்கள் எல்லாமே காணோம் என்று சொல்லி நின்றுவிட்டது. போனில் திறந்து பார்த்தால் 61இல் 23 கேசட்டுகள்தான் இருக்கின்றன. எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

அந்த எச்சரிக்கையின் கடைசியில், டிஸ்க் உண்மையிலேயே காலியாகத்தான் இருக்கிறது என்றால் ஃபோர்ஸ் எம்ப்டி சேர்த்து ஓட்டலாம் என்று வரும். நண்பர் ஒருவரும் போனில் அதையே சொன்னார். கை கீபோர்டு வரை போய்விட்டது. நல்லவேளை நிறுத்திக்கொண்டேன். அதைக் கொடுத்திருந்தால் அந்த டிஸ்க் காலி என்றே வைத்துப் பாரிட்டி புதிதாக எழுதப்பட்டிருக்கும். பிறகு நிஜமாகவே டிஸ்க் போனால் மீட்க வழியே இருக்காது.

டிஸ்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். ஒரு டிஸ்க் பட்டியலிலேயே இல்லை. எந்த டிஸ்க் எங்கே சேர வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் நோஃபெயில் போட்டிருந்ததால், டிஸ்க் இல்லாமலே சிஸ்டம் எழுந்துவிட்டது. அது மவுன்ட் ஆக, அதாவது இணைந்து தெரிய வேண்டிய இடத்தில் வெறும் ஃபோல்டர் மட்டும். பெட்டியைத் திறந்தால் டிஸ்கை இணைக்கும் சாட்டா கேபிள் பாதி கழன்று சாய்ந்திருந்தது. பூட்டு இல்லாத பழைய கேபிள். பூட்டு உள்ளதாக வாங்கி, கிளிக் என்று விழும் வரை அழுத்தினேன். 61ம் வந்தன. டிஸ்கின் நலத்தைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் 199ஆம் எண், அதாவது தகவல் போய்வரும்போது நேரும் சிஆர்சி பிழைகளின் எண்ணிக்கை, பொதுவாகக் கேபிள் கோளாறில் ஏறும். ஏறியது இறங்காது. மேற்கொண்டு ஏறுகிறதா என்று மட்டும் பார்த்துவருகிறேன்.

அப்புறம்தான் இன்னொன்று. கேபிள் கழன்றிருந்த நாட்களில், அந்த 61 தவிரப் புதிதாக மாற்றிய இரண்டு கேசட்டுகளை நேராக அந்த டிஸ்க் ஃபோல்டருக்குத்தான் அனுப்பியிருந்தேன். டிஸ்க் திரும்பி வந்ததும் அவை இரண்டையும் காணோம்! அவை சிஸ்டம் டிஸ்கில் இருந்த வெறும் ஃபோல்டருக்குள் எழுதப்பட்டிருந்தன. அதன் மேல் டிஸ்க் மவுன்ட் ஆனதும் மறைந்துவிட்டன. மவுன்ட்டை எடுத்தேன், இருந்தன. நகர்த்திவிட்டு, வெறும் ஃபோல்டரை சிஹெச்அட்டர் கட்டளையால் பூட்டிவிட்டேன். இனி டிஸ்க் வராவிட்டால் எழுதும்போதே பிழை காட்டும்.

தென்காசியிலிருந்து:

அண்ணாச்சி, உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கும் எழுதத் தோன்றியது. எனக்கு டிஸ்க், கேபிள் எல்லாம் சரி. ஃபோல்டரில் ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் பாட்டுப் பட்டியலில் தொட்டால் 'ஃபைல் இல்லை' என்கிறது. எல்லாம் இல்லை, சில மட்டும். 'முத்துப்பட்டன்' பாடுகிறது, 'சொரிமுத்து' பாடவில்லை. 'சுடலை' பாடுகிறது, 'கொடை' பாடவில்லை. இரண்டு இரவு இதை வைத்தே மல்லுக்கட்டினேன்.

பாடாதவை எல்லாமே ஒகர, ஓகாரக் குறி உள்ள பெயர்கள் என்பது மூன்றாம் நாள்தான் கண்ணில் பட்டது. யூனிகோடில் 'கொ'வை இரண்டு விதமாக எழுதலாம். 'ொ' என்று ஒரே குறியாக, அல்லது ஒற்றைக்கொம்பு தனி, கால் தனியாக. திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் 'கொடை' முதல் வகையில் 12 பைட், இரண்டாம் வகையில் 15 பைட். லினக்ஸுக்கு அவை வேறு வேறு பெயர்கள். ஃபைல்கள் அத்தானுடைய மடிக்கணினியிலிருந்து வந்தவை. அதன் பழைய ஃபைல் சிஸ்டம் பெயர்களைப் பிரித்து வைத்திருக்கிறது. பட்டியலை நான் சேர்த்து டைப் செய்திருக்கிறேன். கான்வ்எம்வி என்ற சிறிய கருவியால் எல்லாப் பெயரையும் சேர்த்து எழுதும் என்எஃப்சி வகைக்கு மாற்றினேன். முதலில் அது வெறுமனே காட்டும். நோடெஸ்ட் சேர்த்தால்தான் மாற்றும். மாற்றும் முன் அந்தக் காட்டலை ஒருமுறை படித்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தில் ஒரு பெயருக்கு 255 பைட்தான். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 85 குறிகள். ஊர், கோயில், வருடம், புலவர் பெயர் என்று நீளமாக எழுதினால் நகல் எடுக்கும்போது அந்த ஃபைலை மட்டும் விட்டுவிடும்.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து:

எங்களுக்கு நிஜமாகவே அழிந்துபோனது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து ஆல்பம் எல்லாம் நனைந்துவிட்டது. ஒட்டிக்கொண்ட படங்களைப் பிரித்து, நிழலில் காயவைத்து, ஸ்கேன் செய்து வைத்திருந்தோம். ஒரே படம் இரண்டு முறை இருக்கிறதே என்று மகன் சுத்தம் செய்யப்போய் அம்மாவின் கல்யாணப் படங்கள் இருந்த ஃபோல்டரையே அழித்துவிட்டான். 212 படங்கள்.

எங்களிடமும் ஸ்னாப்ரெய்ட்தான். சிங்க் வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமைதான். அழித்த அன்று வியாழன், அதனால் பாரிட்டி இன்னும் பழைய நிலையில்தான் இருந்தது. ஸ்னாப்ரெய்டின் ஃபிக்ஸ் (மீட்கும்) கட்டளையில் எம் போட்டால் காணாமல் போனவற்றை மட்டும் திருப்பி எழுதும். 209 வந்தன. மூன்றின் பெயரோடு 'அன்ரெகவரபிள்' (மீட்க முடியாதது) என்று ஒட்டி வந்தது. அதே வாரம் இன்னொரு டிஸ்கிலும் சிலவற்றை அழித்திருந்தோம். ஒரே பாரிட்டியை நம்பியிருந்த பகுதிகள் அவை, ஒரே பாரிட்டியால் இரண்டு டிஸ்கின் இழப்பையும் சேர்த்து மீட்க முடியாது.

பாளையங்கோட்டையிலிருந்து:

தென்காசித் தம்பி, சொன்னபடி தேடினேன். என்னிடமும் ஆறு பெயர்கள் பிரிந்து கிடந்தன. சரிசெய்துவிட்டேன். ஸ்ரீவைகுண்டம் அண்ணாச்சி, அந்த மூன்று படங்களின் அசல் இருக்கிறதா? இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். என்னிடம் நல்ல ஸ்கேனர் இருக்கிறது, மறுபடி எடுத்துவிடலாம்.