மறு: மாடரேட்டர் வேரியபிள் - 'தணிப்பு மாறி' சரிதானா?

> பயங்கரவாதம் சுற்றுலாவைக் கெடுக்கிறது. பாதுகாப்புப் படை அந்தக் கேட்டைத் தணிக்கிறது. ஆகவே 'தணிப்பு மாறி' என்றே வைத்துவிடலாம்.

வணக்கம் ஐயா,

மாடரேட்டர் வேரியபிளுக்குத் தமிழில் 'தணிப்பு மாறி' என்று பெயர் வைத்தால் ஆய்வு தொடங்கும் முன்பே முடிவைச் சொன்னதாகிவிடும். மாடரேட்டர் என்பது இரண்டு மாறிகளுக்கு (ஆய்வில் அளக்கும் கூறுகளுக்கு) இடையேயான உறவின் வலுவையோ திசையையோ மாற்றுவது. கூட்டவும் செய்யும்.

துனிசியாவின் சூஸ் கடற்கரையில் 2015 ஜூனில் 38 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதில் 30 பேர் பிரிட்டிஷ்காரர்கள். உள்ளூர்க் காவலர்கள் நடந்துகொண்ட விதத்தைக் கோழைத்தனம் என்று சொல்லும் அளவுக்கு 2017-இல் லண்டன் விசாரணை நீதிபதி கடிந்துகொண்டார். பிரிட்டன் தன் பயண எச்சரிக்கையைத் தளர்த்தவே இரண்டு ஆண்டு ஆனது. இங்கே படை எதைத் தணித்தது?

அவ்வளவு தூரம் போகவேண்டாம். பினாங்கிலிருந்து வந்த சித்தி குடும்பத்தை நம் சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். தலைமைச் செயலகமும் உள்ளேயே இருப்பதால் வாசலில் சோதனை பலம்; சித்தி பையிலிருந்த கோடாலித் தைலம்கூட மேசைக்கு வந்துவிட்டது. துப்பாக்கியோடு நின்றவரைப் பார்த்து, "நல்லா காவல் போட்டிருக்காங்கப்பா" என்றார் சித்தி. அவர் மருமகளோ என் பக்கம் வந்து, "அண்ணே, இங்க ஏதாச்சும் நடந்துச்சா?" என்று மெதுவாகக் கேட்டார். துப்பாக்கி ஒன்றுதான்; விளைவு இரண்டு.

முதலில் எனக்குத் தோன்றியது 'சுக்கான் மாறி'. காசிமேட்டுக்காரன் புத்தி அப்படித்தான் போகும். விசைப்படகு ஓட்டும் மாமாவிடம் சொன்னேன். "சுக்கான் பக்கத்தைத்தான்டா திருப்பும், வேகத்த எவன் ஏத்தி எறக்குவான்?" என்று ஒரே போடாகப் போட்டார். வலுவும் சேர்ந்து வரவேண்டுமே, விட்டுவிட்டேன்.

இப்போது என் பரிந்துரை 'உறவுமாற்றி'. கட்சி தாவுகிறவரைச் சொல்வதுபோல் இருக்கிறது என்று சிரிப்பீர்கள்; சிரித்துக்கொள்ளுங்கள். வலு, திசை இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது, நல்லது கெட்டது எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒரு மாறியின் விளைவை இன்னொன்றுக்குக் கடத்தும் மீடியேட்டருக்கு 'இடைமாறி' அப்படியே இருக்கட்டும்; குழப்பம் வராது. மாடரேட்டிங் எஃபெக்ட் 'உறவுமாற்று விளைவு' ஆகும்.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்களன்று மகளின் ஆய்வேடு பைண்டிங்குக்குப் போகிறது.