வெளிப்பாட்டியமா, மெய்ப்பாட்டியமா?

அன்புள்ள குழுவினருக்கு,
ஓவிய வகுப்புப் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கண்ட காட்சியைவிட உள்ளுணர்ச்சியைத் தீட்டும் ஓவிய இயக்கமான எக்ஸ்பிரஷனிசத்துக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். எடுத்துக்காட்டாக வைத்திருப்பது ஜெர்மன் ஓவியர் கப்ரியேலே மியூன்டர் 1909 வாக்கில் தெற்கு ஜெர்மனியின் முர்னாவில் தீட்டிய படம். பச்சைச் சரிவில் அவருடைய ஓவிய நண்பர்கள் யாவ்லென்ஸ்கியும் வெரெஃப்கினும் சாய்ந்திருக்கிறார்கள். பின்னால் நீல மலை. 'வெளிப்பாட்டியம்' என்றால், எந்த ஓவியம்தான் வெளிப்பாடு இல்லை என்று மாணவர்கள் கேட்கிறார்கள்.
— வகுப்பாசிரியர்

ஐயா, 'மெய்ப்பாட்டியம்' என்று எழுதுங்கள். உள்ளத்துணர்ச்சி வெளியே தெரிவதுதான் மெய்ப்பாடு. தொல்காப்பியர் அதற்கென ஓர் இயலே வகுத்திருக்க, நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்?
— மு.

மு. ஐயாவுக்கு, அந்தப் படத்தைக் கிட்டத்தில் பாருங்கள். இருவர் முகத்திலும் கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. வெறும் வண்ணத் திட்டு. தொல்காப்பியர் சொல்லும் நகை, அழுகை முதலான மெய்ப்பாடுகள் எங்கே தோன்றும்? உணர்ச்சியைச் சுமப்பது அந்தப் பச்சையும், அதைச் சுற்றிய கருங்கோடும். முர்னாவ் வட்டாரத்துக் கண்ணாடி ஓவியங்கள் மியூன்டருக்குக் காட்டிய கோடு அது. கண்ணாடியின் பின்புறம் முதலில் கோட்டை இழுத்து, அப்புறம் வண்ணத்தை நிரப்புவார்கள். நம் தஞ்சாவூர்க் கண்ணாடிப் படமும் அப்படித்தான்.
— செ.

முகத்தில் தேடுவது ஏன் அம்மா? உள்ளத்தில் நிகழ்வது புறத்தார்க்குப் புலப்படுவதே மெய்ப்பாடு என்று தொல்காப்பியத்துக்குப் பேராசிரியர் என்பவர் எழுதிய பழைய உரை சொல்கிறது. சங்கப் பாட்டில் கடற்கரை நிலமான நெய்தல் என்றதும், பிரிவால் வருந்தும் இரங்கல் நமக்குக் கேட்கிறது. அதைச் சொல்ல அங்கே ஒரு முகம் வேண்டுமா?
— மு.

எக்ஸ்பிரஷன், இம்பிரஷன் என்ற சொற்களின் வேரையும் பாருங்கள். இலத்தீனில் அழுத்துவதே வேர். உள்ளே அழுத்தினால் பதிவு, வெளியே அழுத்தினால் பிழிவு. அதற்கு முந்திய ஓவிய இயக்கமான இம்பிரஷனிசம் 'பதிவியம்', எக்ஸ்பிரஷனிசம் 'பிழிவியம்'. கரும்பைப் பிழிந்த கை இச்சொல்லை மறக்காது. தேர்வில் இரண்டையும் மாற்றி எழுதும் பிள்ளைகளுக்கு இந்த இணை உதவும்.
— இரா.

பிழிவியம் என்றால் என் மாணவர்கள் சாறு பிழியும் கடையைத்தான் நினைப்பார்கள். குழுவில் ஐந்து பேர் வெளிப்பாட்டியத்துக்கு இசைந்திருக்கிறீர்கள், அதையே அனுப்புகிறேன். படத்தின் கீழே, 'இங்கே உணர்ச்சி முகத்தில் இல்லை, நிலத்தில் இருக்கிறது' என்று ஒரு வரி சேர்க்கிறேன். அனைவருக்கும் நன்றி.
— வகுப்பாசிரியர்

அந்த ஒரு வரி மெய்ப்பாட்டின் இலக்கணம்தானே, ஐயா? சொல்லை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். அடுத்த பதிப்பில் மீண்டும் கேட்பேன்.
— மு.